தொட்டில் துணியில் பச்சைத் தூசு

2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். மழை இல்லை. ஐந்து நாற்பதுக்குப் பால் விடாத கட்டன் சாயா. ஆறு மணிக்குச் சாமான் பெட்டியைத் திறந்து எண்ணினேன்: ஸ்கிராப்பர் நான்கு, பிரஷ் ஏழு, மாஸ்க் ஆறு, டேப் மூன்று சுருள். ஏழு இருபதுக்கு வடசேரியில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். எட்டு மணிக்கு வேலை தொடங்கியது.

என் டைரியில் அந்தப் பக்கம் இவ்வளவு ஒழுங்காகத்தான் ஆரம்பிக்கிறது. பெயிண்ட் அடிக்கிறவன் டைரி எழுதுகிறான் என்று கேட்டால் சிரிப்பார்கள். இருபத்தாறு வருடமாக எழுதுகிறேன். எந்தச் சுவருக்கு எத்தனை கோட் பெயிண்ட், சுவரில் இழுத்த எந்தப் பட்டி எத்தனை மணி நேரத்தில் காய்ந்தது, எல்லாம் இருக்கும். இது போதாதென்று பெட்டி மூடியின் உட்புறம் பதினோரு விதிகளை எழுதி ஒட்டியிருக்கிறேன். பாதி, நாகர்கோவிலில் ஒரு பெயிண்ட் கம்பெனிக்காரர்கள் நடத்திய ஒருநாள் வகுப்பில் கேட்டவை. மீதி நானே சேர்த்தவை. நான்காவது விதி: பழைய பெயிண்டை உலர்ந்தபடி உரசாதே, நனைத்து உரசு. அந்தக் காலத்து எனாமலில் ஈயம் இருக்கும். அது தூசாகப் பறந்தால் உரசுகிறவனுக்குக் கேடு. குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் அதைவிடக் கேடு. பதினெட்டு வருடமாக என்னோடு வேலை செய்யும் கூட்டாளிக்கு இந்தப் பதினொன்றும் மனப்பாடம். அவ்வளவு தடவை சொல்லி உயிரை எடுத்திருக்கிறேன்.

வேலை நடந்தது ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரின் பழைய ஓட்டு வீட்டில். எங்கள் ஊர்க் கிறிஸ்தவ வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு முன்னால் பெயிண்ட் அடித்தே ஆகவேண்டும். ஐப்பசி மழையில் ஊறிய சுவரும் மரமும் காயாமல் இருப்பதும் அதே நாட்களில்தான். ஆகவே டிசம்பர் முழுக்க ஈரத்தோடு மல்லுக்கட்டுவோம். இந்த வீட்டில் இன்னொரு அவசரமும் இருந்தது. டீச்சரின் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். எட்டு மாதம் முடிந்திருந்தது.

அன்றைக்கு முன்னறை ஜன்னல். டீச்சரின் அப்பா காலத்துப் பச்சை எனாமல், அடுக்கடுக்காக. நனைத்து உரசினால் மரம் காய இரண்டு நாள் ஆகும். என் அட்டவணையிலோ செவ்வாய்க்கிழமை பிரைமர், அதாவது முதல் பூச்சு, என்று எழுதி, அடியில் கோடும் போட்டிருந்தேன். கோடு போட்டதை எப்படி மாற்றுவது? டீச்சரும் மகளும் செக்கப்புக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். அறைக்கதவை அடைத்து இடுக்கில் டேப் ஒட்டிவிட்டால் உலர்ந்தபடியே உரசலாம் என்று முடிவு செய்தேன்.

“நாலாவது விதி எங்க வே போச்சு?” என்றார் கூட்டாளி.

“கதவ அடச்சு டேப் ஒட்டியாச்சுல்லா? தூசி எங்க போவும்?”

“எனக்கென்ன தெரியும். எழுதி ஒட்டுனது நீருல்லா.”

டேப்பை ஒட்டிவிட்டு, சற்றுக் கோணலாகத் தெரிந்ததால் பிரித்து மறுபடியும் ஒட்டினேன்.

“கோணல் பாக்க ரசமட்டம் எடுத்துட்டு வரட்டா?” என்றார்.

ஒன்பது பத்திலிருந்து பன்னிரண்டு நாற்பது வரை உரசினோம். மாஸ்க், கண்ணாடி, கையுறை, ஒன்றிலும் குறை இல்லை. முடித்ததும் தூசு படிந்த சட்டையைக் கழற்றிவிட்டு, டேப்பின் நேர்த்தியை ஒருமுறை பார்த்துக்கொண்டு, அதைப் பிரித்து அடுத்த அறைக்குப் போனேன். அது மகளின் அறை. மேசைமேல் தொட்டில் துணிகள், பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்து மடித்தவை, அடுக்காக இருந்தன. மேல் துணியில் விரலை வைத்தேன். விரலில் பச்சை.

அப்புறம்தான் தலையை நிமிர்த்தினேன். இரண்டு அறைக்கும் நடுவிலுள்ள கதவுக்கு மேலே, காற்றுப் போவதற்கு விட்ட ஏர் ஹோல், மரச்சட்டம் வைத்தது, விரியத் திறந்திருந்தது. பழைய ஓட்டு வீடுகளில் எல்லாக் கதவுக்கு மேலும் இது உண்டு. இருபத்தாறு வருடமாக அதற்கும் பெயிண்ட் அடித்துக் கூலி வாங்கியிருக்கிறேன். பதினோரு விதியில் ‘மேலே பார்’ என்று ஒன்று இல்லை.

வெட்கத்தோடு எழுதுகிறேன்: முதலில் தோன்றியது, துணியைக் கொல்லைப்புறம் கொண்டுபோய் உதறி மடித்து வைத்துவிடலாம் என்பதே. ஒரு மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் வர இன்னும் பதினைந்து நிமிடமாவது ஆகும் என்று கணக்கும் போட்டுவிட்டேன். கை துணிக்குப் போனது.

“உதறாதயும்,” என்றார் பின்னால் வந்த கூட்டாளி. “ஏழாவது விதி. தூசிய உதறாத, பெருக்காத, ஈரத்துணி வச்சுத் தொடச்சு எடு.”

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பனியனோடு ஓடினேன். கேட்டுக்குக் குறுக்கே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன்.

“டீச்சர், உள்ள வரண்டாம்.”

“எனக்க வீட்டுக்குள்ள நான் வரண்டாமா? ஒமக்கு என்ன ஆச்சு மேஸ்திரி?”

சொன்னேன். உலர்ந்தபடி உரசியது, ஏர் ஹோல், தொட்டில் துணி எல்லாவற்றையும். மகள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்: “அண்ணே, பிள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுல்லா?”

“நீங்க உள்ள இல்ல. அது நல்லது. ஆனா டாக்டர்ட்ட கேட்டுருங்க,” என்றேன்.

டீச்சர் மகளை அதே ஆட்டோவில், இரண்டு தெரு தள்ளி இருக்கும் தன் தங்கை வீட்டுக்கு அனுப்பினார். பிறகு என் பெட்டி மூடியைத் திறக்கச் சொல்லி, கண்ணாடி போட்டுப் பதினொன்றையும் படித்தார்.

“எழுத்து நல்லா இருக்கு. பாஸ் மார்க் தரமாட்டேன்,” என்றார். “ஒமக்க பிரைமர் அடிக்கலேன்னு கிறிஸ்துமஸ் தள்ளி வராது, கேட்டீரா?”

“வராது டீச்சர்.”

“ஜன்னல் அப்பிடியே கெடக்கட்டும். எனக்க பிள்ள கெடக்குற ரூம் சுத்தமாவணும். அதான் வேல.”

துணிகளை உதறாமல் நனைத்துப் பிளாஸ்டிக் பையில் கட்டினோம். மாலை வரை தரை, சுவர், கட்டில் எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்தோம். ஐந்து மணிக்குத் தங்கை வீட்டிலிருந்து டீச்சர் வந்து, டாக்டரிடம் போனில் கேட்டதைச் சொன்னார்: மகள் தூசியில் இல்லாததால் பயப்பட வேண்டாம், அறை முழுக்கச் சுத்தமாகும் வரை அவள் திரும்ப வேண்டாம். அட்டவணையில் பிரைமர் என்ற சொல்லை அடித்தேன். அடிக்கோடு மட்டும் எதற்கென்று தெரியாமல் இன்னும் கிடக்கிறது.

மறுநாள் காலை ஏழு ஐம்பதுக்கு, பெட்டியைத் திறப்பதற்கு முன்பே, ஒரு வாளி சோப்புத் தண்ணீரோடு ஏணியில் ஏறி ஏர் ஹோலின் சட்டங்களை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். ஒன்பது சட்டம். கூட்டாளி கீழே நின்று எண்ணினார்.