உள்பக்கத் தாழ்ப்பாள்

எட்டு வயதுப் பெண்ணைப் பார்த்து, அதுவும் சொந்த வயிற்றில் பிறந்ததைப் பார்த்து, ஒரு தாய் பொறாமைப்படுவாளா? பட்டேன். கூசாமல் சொல்கிறேன். பெற்ற மனம் பித்து என்பார்கள். அந்த வருஷம் என் மனம் பித்தாக இல்லை, பற்றி எரிந்துகொண்டிருந்தது. எல்லாம் ஓர் அறையால் வந்த வினை.

கரமனை ஆற்றுக்கு அந்தப் பக்கம் நாங்கள் வாங்கிய ஃப்ளாட்டில் இரண்டு படுக்கையறை. பெரியது எங்களுக்கு, சின்னது பெண்ணுக்கு. "குழந்தை ரூமை நீயே பாத்துப் பண்ணிடு" என்று சொல்லிவிட்டு என் கணவர் ஆபீசுக்குப் போய்விட்டார். அந்த அறையை நான் இருபது வருஷத்துக்கு முன்னாலேயே மனசுக்குள் பண்ணி முடித்தாயிற்று என்பது பாவம், அவருக்குத் தெரியாது.

நான் வளர்ந்தது வலியசாலை அக்கிரகாரத்தில். ரயில்பெட்டி போல் நீளமான வீடு, ஏழு பேர், அதில் மூன்று பேர் என் அண்ணன்மார். எனக்கென்று இருந்தது கூடத்து மூலையில் சுருட்டி வைத்த ஒரு பாய். அதன்மேலும் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். கொல்லைப்புறத்தில் விறகும் தேங்காய் மட்டையும் போட்டு வைக்கிற அறை ஒன்று இருந்தது. மாதத்தில் மூன்று நாள் பெண்கள் விலகி உட்கார வேண்டிய இடம் அதுதான்.

தனித் தட்டு, தனிப் பாய், அதைத் தொடாதே, இங்கே வராதே. அவமானமாக இல்லையா என்றால், இருந்தது. ஆனால் பதின்மூன்று வயதில் முதல் தடவை அங்கே போய் உட்கார்ந்து, ஒரு மணி நேரமாக யாருமே "ஏய், இங்க வாடீ" என்று கூப்பிடவில்லை என்பது உறைத்தபோது வந்த சந்தோஷம் இருக்கிறதே, அதை யாரிடம் சொல்வது! பைண்டு பண்ணின தொடர்கதையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் சாய்ந்தேன். அண்ணன்மார் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டார்கள்.

அடுத்த மாதம் மூன்று நாளை நாலாக்கினேன். அதற்கடுத்த மாதம் ஐந்து. "இன்னும் நிக்கலைம்மா" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வேன். அம்மா பயந்துபோய் லேடி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். ஆறு மாதம் இரும்பு டானிக். துருப்பிடித்த ஆணியைச் சப்பின மாதிரி இருக்கும். பல்லெல்லாம் கறுத்துப் போயிற்று. மூச்சுவிடாமல் குடித்தேன். உண்மையைச் சொன்னால் இரண்டு நாள் அறை போய்விடுமே!

ஒரே ஒரு குறை, அந்தக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் தள்ளித் திறக்கலாம். அங்கே உட்கார்ந்து கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எனக்கு வேண்டிய அறையை வரைந்தேன். நீலச் சுவர், ஜன்னலடியில் மேஜை, பக்கத்தில் புத்தக அலமாரி, கதவில் பெரிய தாழ்ப்பாள்.

ஃப்ளாட்டில் அந்தப் படத்தைத்தான் கட்டினேன். பெயிண்டர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். நீலத்தைக் கலக்கிக்கொண்டே, "பிள்ளை மஞ்சள்னுல்லா சொல்லுகா?" என்றார்.

"எனக்கு மஞ்ச மதிம்மா" என்றாள் என் பெண், பள்ளிக்கூடத்து மலையாளம் கலந்து, மஞ்சளே போதும் என்று.

"அவளுக்கு என்ன தெரியும்? நீலமே அடிங்கோ" என்றேன்.

சாலைக் கடைவீதியில் நான்கு கடை ஏறி இறங்கி, அதே நீலத்தில் திரைச்சீலைத் துணி எடுத்தேன். பழவங்காடியில் ஒரு கடையில் கூரையில் ஒட்டுகிற நட்சத்திரம் வாங்கினேன். ஆசாரி தாழ்ப்பாள் வைக்க வந்தபோது என் கணவர் பதறினார்.

"எட்டு வயசுக் குழந்தைக்கு உள்தாழ்ப்பாளா? பைத்தியமா உனக்கு?"

"கைக்கு எட்டற உயரத்துல வெச்சாப் போறும். அவளே திறந்துப்பள்."

பெண் பக்கத்தில் நின்று ஆசாரி வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாழ்ப்பாளின் அருமை தெரியட்டுமே என்று கொல்லை அறைக் கதையை அவளுக்குச் சொன்னேன். அம்மாவை ஏன் தனியாக உட்கார வைத்தார்கள் என்று கேட்டாள். மூன்றை ஐந்தாக்கினதைச் சொன்னேன். நான் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை.

மேஜை வந்து இறங்கினதும் நாற்காலியில் நான்தான் முதலில் உட்கார்ந்தேன். முட்டி இடித்தது. அப்போதுதான் முதல் தடவையாகச் சுருக்கென்றது. இந்த மேஜை எனக்கில்லை. அலமாரி எனக்கில்லை. ஒரு சொட்டு டானிக் குடிக்காமல், ஒரு பொய் சொல்லாமல், இந்த வாண்டுக்கு எல்லாம் கிடைத்திருக்கிறது! கொடுத்து வைத்த மகராசி! அன்றைக்கு அவளை உட்கார வைத்து உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டேன். யார் கண் பட்டுவிடும் என்று? வேறு யார் கண், என் கண்தான்.

மகராசி அந்த அறையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டுப்பாடம் ஹாலில், டிவிக்கு முன்னால், தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு. தூக்கம் எங்கள் இருவருக்கும் நடுவில். இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம் வெடித்துவிட்டது.

"நாய்க்குக் கிடைச்ச முழுத்தேங்காயான்னா இருக்கு இந்த ரூம் உனக்கு! ஏண்டீ அங்க போக மாட்டேங்கறே?"

"அது அம்மாவோட ரூமல்லே?" என்றாள் நிதானமாக. "நீலம் அம்மாவுக்கு இஷ்டம். எல்லாம் அம்மாவுக்கு இஷ்டம்."

"ஆமாம், என்னோடதுதான்! போ!" என்று சொல்லி உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன்.

டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அந்தச் சின்னக் கட்டிலில் காலை மடக்கிப் படுத்தேன். திரைச்சீலை வழியாக வெயில் நீலமாக வந்தது. முப்பத்து நாலு வயதில் முதல் தடவையாக, யாரும் தள்ளித் திறக்க முடியாத கதவுக்குள் இருந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், சொர்க்கமாக இருந்தது. கண் சொக்கிக்கொண்டு வந்தது.

கதவைச் சுரண்டுகிற சத்தம் கேட்டது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கதவிடுக்கில் அவள் குரல், அழுகையை அடக்கின குரல்.

"அம்மா, எத்தனை நாள்?"

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை.

"மூணு நாளா, அஞ்சு நாளா?"

எழுந்து போய்த் திறந்தேன். கையில் என் தட்டையும் டம்ளரையும் எடுத்து வந்து வைத்துக்கொண்டு நின்றாள். கொல்லை அறையில் தனித் தட்டு என்று நான்தானே சொல்லியிருந்தேன். அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். கனத்தாள்.

அடுத்த வாரம் அதே பெயிண்டர் வந்து நீலத்தின்மேல் மஞ்சள் அடித்தார். "நான் அன்னைக்கே சொன்னேன்லா" என்றார். நல்ல கண்ணைப் பறிக்கிற மஞ்சள். எனக்குக் கொஞ்சம்கூடப் பிடிக்கவில்லை. அன்றைக்கே அவள் பொம்மைகளோடு அங்கே குடிபோய்விட்டாள்.

மூன்று வருஷம் போயிற்று, அவளும் பெரியவளானாள். மாதத்தில் அந்த மூன்று நாளும் அவளுக்கு மற்ற நாள் மாதிரிதான். சமையலறைக்கு வருவாள், ஊறுகாய் பாட்டிலைத் தொடுவாள், யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டோம். அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மடித்த துணியை எடுத்துக்கொண்டு அவள் அறைக்குப் போனேன். கதவு தள்ளினால் திறக்கவில்லை. தட்டினேன்.

"யாராக்கும்?"

"நான்தான்."

"என்ன பண்ணிண்டிருக்கேன்னு கேக்காதே, கதை வாசிச்சிண்டிருக்கேன். என்ன வேணும்மா?"

என்ன வேண்டும்! இந்த ஜன்மத்தில் ஒரு கதவுக்கு உள்ளேயிருந்து நான் யாரையாவது அப்படிக் கேட்டதுண்டா? இந்த ரூம்தான்டீ வேணும், என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. துணியை வாசலில் வைத்தேன்.

"ஒண்ணும் வேண்டாம், நீ வாசி" என்றேன்.