மஞ்சள் தடவிய நலக் கடிதங்கள்

சேத்துப்பட்டுப் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்கு வினாத்தாள் கொடுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. என் மாமனார் ஏகாம்பரம் காலமாகிவிட்டார். பஸ் பிடித்து நான் ஆரணிக்கு வந்து சேர்வதற்குள் தெருமுனையில் பேனர் கட்டியாகிவிட்டது. 'வீரமகனை நாட்டுக்கு ஈந்த தியாகத் தந்தை' என்று எழுதி, யார் கல்யாணத்திலோ எடுத்த அவர் படத்துக்குப் பின்னால் ஒரு பீரங்கியையும் போட்டிருந்தார்கள். மாமா பார்த்திருந்தால் பீரங்கியை இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போட்டிருக்கலாம் என்றிருப்பார்.

அவரைத் தெரிந்த உங்களுக்கு நான் எழுதுவது பிடிக்காமல் போகலாம். நெசவாளர் சங்கத்தில் எழுத்தராக இருந்தவர், முத்து முத்தான கையெழுத்து, யார் வீட்டு விசேஷத்துக்கும் முதல் ஆளாக வந்து நிற்பவர் என்பீர்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் நீங்கள் அவரோடு ஒரே வீட்டில் இருந்து பார்த்தவர்கள் இல்லை.

கார்கில் சண்டை நடந்தபோது என் கணவர் குமார் அங்கே மலைமேல் இருந்தார். எங்கள் மகன் பிரபு கைக்குழந்தை. குமாரின் கடிதங்கள் மாமா பேருக்குத்தான் வரும். கட்டிய மனைவிக்குத் தனியாகக் கடிதம் போடுவது மரியாதை இல்லை என்பது அந்த வீட்டுச் சட்டம். மாமா கடிதத்தை உடனே பிரிக்க மாட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு, நான்கு வீட்டாரைக் கூப்பிட்டு உட்கார வைத்த பிறகுதான் படிப்பார். 'இங்கே குளிர் அதிகம்' என்று குமார் எழுதியிருந்தால், "குண்டு மழையில நின்னுகினு இருக்கான்" என்று படிப்பார். கடைசியில் எனக்கென்று இருக்கும் ஒற்றை வரியை வாய்க்குள் முணுமுணுத்துவிட்டு மடித்து வைத்துவிடுவார்.

பதில் எழுதுவதும் அவர்தான். வெள்ளிக்கிழமைதோறும் ஓர் இன்லேண்டு கடிதம். 'இங்கு அனைவரும் நலம்' என்று ஆரம்பித்து, எழுதி முடித்ததும் கல்யாணப் பத்திரிகைக்குத் தடவுவது போல நான்கு மூலைக்கும் மஞ்சள் தடவுவார். துக்கச் செய்தி என்றால் மூலையில் கருப்பு தடவுவதும், வந்த இடத்தில் அதைப் படித்ததும் வாசலிலேயே கிழித்துப் போடுவதும் வழக்கமாக இருந்தது உங்களுக்கும் நினைவிருக்கும்.

அந்த ஆனி மாதம் என் மாமியார் இறந்துபோனார். காய்ச்சல் என்று படுத்து மூன்றாம் நாள். தந்தி அடிக்கலாம் என்றேன். "மலமேல துப்பாக்கி புடிச்சுகினு நிக்கிறவன் கை நடுங்கக் கூடாதும்மா. கருப்பு தடவின கடுதாசி என் கையால போவாது" என்றார் மாமா. ஒரே மகன் இருக்கும்போது பங்காளி வீட்டு ஆள் ஒருவர் கொள்ளி வைத்தார். அந்த வெள்ளிக்கிழமையே மஞ்சள் கிண்ணத்தோடு உட்கார்ந்து, 'இங்கு அனைவரும் நலம்' என்று மாமா எழுத ஆரம்பித்தார்.

பாதியில் பேனாவை நிறுத்தி, "உங்க அத்தை இருந்தா இப்ப இன்னா சொல்லுவா?" என்று கேட்டார். ராத்திரி பூட்ஸைக் கழற்றியதும் காலுக்கு நல்லெண்ணெய் தடவிக்கொள்ளச் சொல்வார் என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார். அதன் பிறகு போன ஒவ்வொரு கடிதத்திலும் அந்த வரி இருந்தது.

குமாரிடமிருந்து பதில் வந்தது. அம்மா சொன்னபடி எண்ணெய் தடவிக்கொள்கிறேன், அம்மாவுக்கு ஒரு சால்வை வாங்கி வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தார். மாலை போட்ட மாமியார் படத்துக்குக் கீழே உட்கார்ந்து, குரல் பிசகாமல் அதை நான்கு வீட்டாருக்கும் படித்துக் காட்டினார் மாமா. சண்டை ஓய்ந்த பிறகும் இந்தக் கூத்து ஓயவில்லை. சுதந்திர தினக் கொடியேற்றத்தில், "பெத்தவ மொகத்தக்கூட கடைசியா காட்டாம, புள்ளைய தேசத்துக்குக் குடுத்தவன் நான்" என்று பேசிக் கைதட்டு வாங்கினார். தட்டியவர்களில் உங்களில் சிலரும் உண்டு.

இத்தனை பெரிய தியாகி, குமார் லீவில் வந்த அன்று பஸ் ஸ்டாண்டுக்கு வரவில்லை. "நீ போயி சொல்லிடும்மா" என்று என்னை அனுப்பிவிட்டார். குமார் கையில் சால்வைப் பையோடு இறங்கினார். அம்மா இறந்து இரண்டு மாசத்துக்கு மேல் ஆகிறது என்று சொன்னேன். "போன வாரங்கூட காலுக்கு எண்ணெ தடவிக்கச் சொல்லி இருந்தாங்களே" என்றார். நான் சால்வைப் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் குமார் கேட்டது அந்த ஒரு வரியைப் பற்றித்தான். "மறைச்சதக்கூட விடுங்க. செத்துப்போனவங்க வாயில வார்த்தைய வெச்சது யாரு?" மாமா நிமிர்ந்து உட்கார்ந்து, "நானேதான். வேற யாரு எழுதுவாங்க?" என்றார். நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். இதிலுமா பெருமை என்றுதான் அன்று நினைத்தேன். அந்த லீவிலேயே அடுத்த தெருவில் வேறு வீடு பார்த்தோம். அன்றைக்கு நின்ற பேச்சு, அப்பாவுக்கும் மகனுக்கும் கடைசி வரை நின்றதுதான். குமார் பட்டாளத்தை விட்டு ஊரோடு வந்த பிறகும், பொங்கல் தீபாவளிக்கு நானும் பிரபுவும் மட்டும் போய் வருவோம். அப்படிப் போய்த் தாத்தாவின் வீரக் கதைகளைக் கேட்டுக் கேட்டே பிரபுவும் பட்டாளத்தில் சேர்ந்தான்.

இப்போது எல்லையில் நிலைமை சரியில்லை. பிரபு அங்கேதான் இருக்கிறான். மாமாவை எடுத்த மறுநாள் காலை அவனிடமிருந்து போன் வந்தது. "தாத்தா எப்படிம்மா கீறாரு?" என்றான். அப்பாவுக்குக் கொள்ளி வைத்துவிட்டு, மொட்டைத் தலையோடு என் எதிரில் உட்கார்ந்திருந்தார் குமார். "நல்லா இருக்காருடா. சாப்ட்டுத் தூங்கறாரு" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ராத்திரி பூட்ஸக் கழட்டினதும் காலுக்கு நல்லெண்ணெ தடவிக்கச் சொன்னாரு" என்றும் சொல்லிவிட்டேன்.

போனை வைத்த பிறகு குமார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அது நீ சொன்னதா?"

"ஆமாங்க."

எழுந்து வெளியே போய்விட்டார். இதை எழுதும் இந்த நேரம் வரை என்னிடம் பேசவில்லை. பிரபுவிடம் எப்படிச் சொல்வதென்றும் எனக்குத் தெரியவில்லை. பேனரையும் பீரங்கியையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். "நானேதான்" என்று மாமா சொன்ன அந்த ஒரு சொல்லை நான் வைத்துக்கொள்கிறேன். பெற்ற மகன் அடுத்த தெருவிலேயே இருந்துகொண்டு முகம் கொடுக்காத அத்தனை வருஷத்திலும், அந்த வரியைச் சொல்லிக் கொடுத்தது மருமகள்தான் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை.