மதினியின் ஆறு நாள்

அந்த வழிகாட்டி என் மதினியைக் கைகாட்டி வெள்ளைக்காரர்களிடம் சொன்னதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் காது சுடுகிறது. எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடிக்குப் புதுத் துறைமுகம் வந்திருந்த சமயம். நான் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் டைப்பிஸ்ட். கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை.

மதினி என் கணவரின் அக்கா. தாமிரபரணிக் கரையில், ஏரலுக்குப் பக்கத்து ஊரில் வாக்கப்பட்டவள். மூன்று பிள்ளைகள், மாடுகள், வயல் வேலை, வந்து போகிற புருஷன் வீட்டுச் சொந்தங்கள். விடியும் முன்னே எழுந்தால் எல்லோரும் படுத்த பிறகுதான் படுப்பாள். ஆனால் ஐப்பசியில் கந்த சஷ்டிக்கு மட்டும் திருச்செந்தூர் போய், ஆறு நாளும் கோயிலிலேயே கிடந்து விரதம் இருப்பாள். பாலும் பழமும்தான் ஆகாரம். அதோடு மௌன விரதம்; ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

அந்த வருஷம் ஆபீசில் லீவு சொல்லிவிட்டு நானும் துணைக்குப் போனேன். போகிற வழியில் பஸ்ஸில் கேட்டேன்.

"என்ன நேர்ச்சை மதினி?"

"ஒண்ணும் இல்ல ஏளா. அது எங்க, இது எங்கன்னு இந்த ஆறு நாளுதான் ஒருத்தரும் என்னயக் கேக்க மாட்டாக. வாயும் எனக்கு, வயிறும் எனக்கு. முருகன் முன்னால சும்மா கெடந்துட்டு வருவேன்."

அவ்வளவுதான் அவள் கேட்டது. அதைக்கூட விட்டுவைக்கவில்லை.

முதல் ஐந்து நாளும் குறை ஒன்றும் இல்லை. ஓலைப் பந்தலுக்குக் கீழே பாயை விரித்துக்கொண்டோம். பக்கத்தில் எங்களைப் போலவே நூற்றுக்கணக்கான பெண்கள். காலையில் கடலில் முங்கி, நாழிக்கிணற்றில் குளித்து, ஈரச் சேலையோடு சாமி கும்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் மதினியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும். அலையைப் பார்ப்பாள். தூங்குவாள். பகலில் அவள் தூங்கி நான் பார்த்தது அப்போதுதான்.

ஆறாம் நாள் சூரசம்ஹாரம். காலையிலேயே கடற்கரையில் ஒரு டூரிஸ்ட் வேன் வந்து நின்றது. மெட்ராஸ் கம்பெனி என்று சொன்னார்கள். அதன் ஆட்கள் இறங்கி, பெண்கள் சேலை உலர்த்துகிற இடத்தில் கம்பு நட்டு, கயிறு கட்டி, மடக்கு நாற்காலிகளை வரிசையாகப் போட்டார்கள்.

"கெஸ்ட் வர்றாங்க, எல்லாரும் அந்தப் பக்கம் போங்கம்மா."

"அப்பம் நாங்க யாரு? ஆறு நாளா இங்கனதான கெடக்கோம்" என்றேன்.

அந்த வேன் ஆள் உலர்ந்துகொண்டிருந்த ஒரு சேலையைக் காலால் ஒதுக்கினான். ஒரு கிழவி அதை எடுத்து உதறி மடித்துக்கொண்டு நகர்ந்தாள்.

மதினி அங்கப்பிரதட்சணத்துக்குக் கிளம்பினாள். கடலில் முங்கி எழுந்த ஈரத்தோடு வெளிப் பிரகாரத்து மணலில் படுத்து, இரு கையையும் தலைக்கு மேல் கூப்பி உருள வேண்டும். சேலை விலகாமல் பிடித்துக்கொண்டு கூடவே நான் நடந்தேன். மணலில் கிளிஞ்சல் துண்டுகள் கிடக்கும். பாதிச் சுற்றிலேயே அவள் முழங்கை இரண்டும் சிராய்த்து ரத்தம் கசிந்தது. சுற்றை முடித்துக்கொண்டு எழுந்தவளுக்குத் தலை சுற்றியது. என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் அந்த வழிகாட்டி சிவப்புக் குடை ஒன்றை உயர்த்திப் பிடித்தபடி வந்தான். பின்னால் ஏழெட்டு வெள்ளைக்காரர்கள், ஆணும் பெண்ணுமாக. காலையில் தூத்துக்குடியில் போட் ஏறி, தீவுப் பக்கம் போய் நீந்திவிட்டு வந்திருப்பார்கள் போல. தலைமுடி உப்பு பிடித்துக் கிடந்தது, மூக்கெல்லாம் வெயிலில் தோலுரிந்து சிவந்திருந்தது. ஒரு பெண் கழுத்தில் புதுச் சங்கு மாலை.

அவன் மதினிக்கு நேரே குடையை நீட்டி இங்கிலீஷில் சொன்னான். இவள் மலடி. புருஷன் தள்ளி வைத்துவிட்டான். செய்த பாவம் தீர இப்படி உருளுகிறாள். தீர்ந்தால் புருஷன் திரும்ப ஏற்றுக்கொள்வான்.

எங்களுக்கு ஒன்றும் புரியாது என்ற தைரியம். மதினிக்கு நிஜமாகவே புரியவில்லை. புரிந்திருந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டாள்.

வெள்ளைக்காரர் ஒருவர், அவள் உருண்டதைத் தூரத்திலிருந்தே எடுத்து வந்தேன், பாதியில் ஃபிலிம் தீர்ந்துவிட்டது, இப்போதுதான் மாற்றினேன் என்றார். வழிகாட்டி சிரித்துக்கொண்டே எங்கள் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னான்.

"அம்மா, இன்னொரு தடவை உருளச் சொல்லுங்க. முழுசா வேண்டாம், அந்தத் தூண் வரைக்கும் போதும்."

மதினி தலையை ஆட்டினாள். மாட்டேன் என்று கையையும் அசைத்தாள். அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி வந்து சேர்ந்தார். மதினியின் புருஷன், சம்ஹாரம் பார்க்க அன்றைக்குத்தான் ஊரிலிருந்து வந்திருந்தார். புருஷன் என்று தெரிந்ததும் வழிகாட்டி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். உங்கள் வீட்டம்மா படம் சீமையில் புத்தகத்தில் வரும் என்றான். அண்ணாச்சிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"ஒரு உருளுதான ஏளா, உருண்டுட்டுப் போயேன். சாமி காரியந்தான?"

எனக்குள் என்னவோ அறுந்தது.

"மதினி உருண்டது சாமிக்கு அண்ணாச்சி. இந்தக் குடைக்காரனுக்கு இல்ல" என்றேன். பிறகு வெள்ளைக்காரர்கள் பக்கம் திரும்பி, ஆபீசில் படித்த இங்கிலீஷை எல்லாம் திரட்டி, கத்தியே சொன்னேன். இவளுக்கு மூன்று பிள்ளைகள். இதோ நிற்பவர்தான் புருஷன். பாவமும் இல்லை, சாபமும் இல்லை. உங்கள் ஆள் பொய் சொல்கிறான். இவள் ஆறு நாளாகச் சோறு தின்னவில்லை, இவளை விடுங்கள்.

சங்கு மாலை போட்ட பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். கேமராக்காரர் மன்னிப்புக் கேட்பது போல ஏதோ முணுமுணுத்தார். ஆனால் பின்னால் நின்ற இன்னொருவர், நான் பேசிக்கொண்டிருக்கும்போதே என்னைப் படம் எடுத்தார். அதுதான் தாங்கவில்லை. எங்கள் கோபமும் அவர்களுக்கு ஒரு காட்சி.

"என்ன பேசுன அவுககிட்ட? விருந்தாளிய இப்பிடியா அதட்டுவாக? பொம்பளைக்கு இம்புட்டு வாய் ஆவாது" என்று அண்ணாச்சி என் மேல் பாய்ந்தார். வழிகாட்டி அவருக்கு ஆதரவாகத் தலையாட்டினான்.

திரும்பிப் பார்த்தால் மதினியைக் காணோம். கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். அங்கே இடுப்பளவு தண்ணீரில் மஞ்சளும் பச்சையுமாகச் சேலை கட்டி எத்தனையோ பெண்கள் முங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குள் புகுந்தாள். அதன் பிறகு யார் மதினி என்று எனக்கே தெரியவில்லை. வழிகாட்டி கரையில் குடையோடு நின்று கண்ணுக்குக் கைமறைத்துப் பார்த்துவிட்டு, வேறு ஆளைத் தேடிப் போனான். வேறொருத்தி கிடைத்திருப்பாள்.

சாயங்காலம் நாற்காலிகளுக்குப் பின்னால் நின்று சம்ஹாரம் பார்த்தோம். எனக்குச் சூரனும் தெரியவில்லை, சாமியும் தெரியவில்லை. மறுநாள் திருக்கல்யாணம் முடிந்து விரதம் விட்டபோதுதான் மதினி வாய் திறந்தாள்.

"அந்தக் குடைக்காரன் இங்கிலீசுல என்னயப் பத்தி என்ன சொன்னான்?"

மறைக்காமல் சொன்னேன். கையிலெடுத்த சோற்றைத் திரும்ப இலையில் வைத்தாள்.

"உங்க அண்ணாச்சி அவன் கையப் புடிச்சுச் சிரிச்சுக்கிட்டு நின்னாகளே" என்றாள். வழிகாட்டியைப் பற்றி அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த சஷ்டிக்கு அண்ணாச்சி அவளை அனுப்பவில்லை. அங்கே கண்டவனும் படம் பிடிக்கிறான், குடும்பப் பெண்ணுக்கு அது சரிப்படாது, வீட்டிலேயே விரதம் இரு என்று சொல்லிவிட்டாராம். உருளச் சொன்ன அதே மனிதர்! வீட்டில் எங்கே விரதம்? முதல் நாளே மாட்டுக்குத் தவிடு எங்கே என்று கேட்டார்கள், மதினி பதில் சொல்ல வேண்டியதாயிற்று. இதைக் கேள்விப்பட்டதும் என் கணவரிடம் கத்தினேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அவுக குடும்பம், நாம என்ன சொல்ல முடியும்?" என்றார். அன்றைக்கு அவருக்கு நான் சோறு போடவில்லை.

அதற்கு அடுத்த வருஷம் நானே ஏரலுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே, மதினியைக் கூட்டிப்போக வந்திருக்கிறேன் என்றேன். அண்ணாச்சி உட்காரச் சொன்னார், காபி குடிக்கச் சொன்னார், நாற்று நடுகிற நேரம் என்று இழுத்தார். என்னென்னவோ பேச வேண்டும் என்று வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்தேன். அதற்குள் உள்ளேயிருந்து மதினி பையோடு வந்தாள்.

"சோறு வடிச்சு வச்சிருக்கேன். மாட்டுக்கு நீங்களே தண்ணி காட்டிருங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

அவர் எழுந்தார், பிறகு உட்கார்ந்தார். பஸ் ஏறியும் அண்ணாச்சியிடம் சொல்லாமல் விட்டதை எல்லாம் நான் முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன்.

"கோவத்த எறக்கி வையி ஏளா" என்றாள் மதினி. "ஜன்னல் ஓரமா உக்காரு. காத்து வரும்."