மாதம் மூன்று நாள் சுணங்கிய மீன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, பெங்களூரு விவேக் நகரில், நாங்கள் குடியிருந்த மாடிப் போர்ஷனில் நடந்தது இது. கல்யாணமாகி ஆறு மாதம். நான் குடியாத்தத்துக்காரன், இங்கே ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டர். அதாவது, அடுத்தவர் எழுதிய புரோகிராமில் தப்புக் கண்டுபிடித்துச் சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறவன். சம்பளம் இல்லாமலே அதை வீட்டிலும் செய்கிறேன் என்று என்மேல் ஒரு புகார் உண்டு.

எங்கள் வீட்டில் மூன்றும் ஆண் பிள்ளைகள். மாதவிலக்கு பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: மாதத்தில் மூன்று நாள் அம்மா சமையலறைக்குள் வரமாட்டாள், ஊறுகாய் ஜாடியையும் துளசிச் செடியையும் தொடமாட்டாள், அப்பா வைக்கும் ரசத்தை நாங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாக வேண்டும். ஏம்மா என்றால், "தொட்டா வாடிடும்டா" என்பாள். அதற்குமேல் கேட்கும் தைரியம் எனக்கு வருவதற்குள் காலேஜ் வந்துவிட்டது.

என் மனைவி இதே பெங்களூருவில், ஸ்ரீராம்புரத்தில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமான இரண்டாவது வாரம், "பீரியட்ஸ் வந்துடுச்சு, போய் பேட் வாங்கிட்டு வாங்க" என்று தக்காளி வாங்கி வரச் சொல்வதுபோலச் சொன்னாள். போனேன். மெடிக்கல் ஷாப்பில் ஒரு அம்மா நின்றிருந்தார். அவர் போகட்டும் என்று இருமல் மருந்து கேட்டேன். அவர் போனதும் ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். பதற்றத்தில் வயிற்றுப்போக்குக்கு மாத்திரை கேட்டேன். பேட் கேட்க வெட்கப்பட்டவன், ஊர் கேட்க வயிற்றுப்போக்கை அறிவித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அந்தப் பெண்ணே ஒரு பாக்கெட் பேட் வாங்கிக்கொண்டு, என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனாள். நானும் ஒன்று வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்தேன். கீழ்வீட்டு ஆன்ட்டி, "என்னப்பா, வயிறு உப்பிக்கிச்சா?" என்று கேட்டார். ஆமாம் ஆன்ட்டி என்றேன். வேறென்ன சொல்வது?

அவளுக்கு அந்த நாட்களில் வலி அதிகம். வெந்நீர்ப் பையை வயிற்றில் கட்டிக்கொண்டு சுருண்டு படுத்துவிடுவாள். அதனால் அந்த மூன்று நாளும் வீட்டு வேலை முழுக்க என்னுடையது. சமைத்தேன், பெருக்கினேன், துடைத்தேன். இவற்றை எல்லாம் செய்கிறேன் என்று நண்பர்களுக்குப் போன் போட்டுச் சொல்லவும் செய்தேன்.

இரண்டாவது மாதம் அவள் ஒரு ஃபைட்டர் மீன் வாங்கி வந்தாள். கருநீலம், பட்டுப் புடவை முந்தானை மாதிரி வால். கண்ணாடிக் குடுவைக்குள் தனியாகச் சுற்றிக்கொண்டு, யாராவது எதிரே வந்தால் செவுளை விரித்து மிரட்டும். மற்றபடி வேலை எதுவும் கிடையாது. மேனேஜர் என்று பெயர் வைத்தேன். அவளுக்கு அந்த மீன் என்றால் உயிர். ஆபீஸிலிருந்து வந்ததும் என்னிடம் பேசுவதற்கு முன் அதனிடம்தான் பேசுவாள்.

குழப்பம் அங்கேதான் ஆரம்பித்தது. மாதம் முழுக்கத் துள்ளிக்கொண்டிருக்கும் மேனேஜர், அவளுக்கு விலக்கான நாட்களில் மட்டும் சுணங்கிப்போவார். நிறம் வெளுத்து, வாலை ஒடுக்கிக்கொண்டு, குடுவையின் அடியில் கிடப்பார். நாலு நாள் கழித்துத் தானாகத் தேறிவிடுவார். முதல் தடவை தற்செயல் என்று விட்டேன். அடுத்த மாதமும் அப்படியே. அதற்கடுத்த மாதம் தேதியைக் குறித்துவைத்தேன். டெஸ்டர் புத்தி. தேதிகள் அச்சாகப் பொருந்தின.

படித்தவன் நான். இதெல்லாம் மூடநம்பிக்கை என்று டீக்கடையில் மணிக்கணக்காகப் பேசுகிறவன். ஆனால் கையில் இருப்பது கணக்காயிற்றே! ஒரு மனது "சீ, வெட்கமாக இல்லையா?" என்றது. இன்னொரு மனது துளசிச் செடியை நினைத்துக்கொண்டது. இரண்டுக்கும் நடுவில் நான், அடியில் கிடந்த மேனேஜர் மாதிரியே வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

ஆறாவது மாதம் முன்னெச்சரிக்கையாக, அவளுக்கு வலி ஆரம்பித்த அன்றே குடுவையைத் தூக்கி பிரிட்ஜ் தலையில் வைத்தேன். ஏன் என்று கேட்டாள். அங்கேதான் வெளிச்சம் நன்றாக வருகிறது என்றேன். அப்படியும் மறுநாள் மேனேஜர் ஒருக்களித்து மிதந்தார். செவுள் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. என் வாய் முந்திக்கொண்டது.

"நேத்து நீ மீனைத் தொட்டியா?"

"இல்லையே. ஏன்?"

"இல்ல... இந்த நாள்ல..."

மீதியை நான் சொல்லவில்லை. தேவைப்படவும் இல்லை. அவள் பிரிட்ஜையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். கத்தியிருந்தால்கூடத் தேவலை. வெந்நீர்ப் பையைக் கழற்றிக் கட்டிலில் வைத்தாள். மீனை ஒரு பாட்டிலுக்கு மாற்றினாள். "ஆட்டோ கூப்பிடுங்க" என்றாள். சிவாஜி நகர் பக்கம் மீன் வாங்கிய கடைக்கு, மேடுபள்ளம் ஒவ்வொன்றுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு, பாட்டிலை மடியில் பிடித்தபடி வந்தாள்.

கடைக்காரர் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"தண்ணி யார் மாத்துறது?"

"மாசம் பூரா நான்தாண்ணா. மாசாமாசம் ஒரு மூணு நாள் மட்டும் இவரு" என்றாள் அவள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "எப்டி சார் மாத்துறீங்க?"

எனக்குப் பெருமைதான். "தினமும் மாத்துவேன். மொத்தத் தண்ணியையும் கொட்டிட்டு, குடுவையைப் பாத்திரம் தேய்க்கிற சோப்புல நல்லாத் தேய்ச்சுட்டு, பைப்புல புதுத் தண்ணி புடிச்சு..."

"அரே, போதும் சார்!" கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்க மீன் வளக்கலை, துணி தொவைக்கிறீங்க. காவேரித் தண்ணியில க்ளோரின் போட்டு விடறாங்க. ஒரு நாள் புடிச்சு வெச்சு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மாத்தணும்."

"அதுக்குத்தான் பால்கனியில ஒரு வாளி புடிச்சு வெச்சிருப்பேனே?" என்றாள் அவள்.

அந்த வாளியா? பழைய தண்ணீர் ஆயிற்றே என்று மாதாமாதம் அதை வைத்துத்தான் நான் வீடு துடைத்திருக்கிறேன்.

கடைக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். மீனைத் தன் தொட்டித் தண்ணீரில் விட்டு ஏதோ மருந்துச் சொட்டு ஊற்றினார். பிறகு, "அதெப்டிம்மா இத்தனை மாசம் தெரியாம இருந்தீங்க? என்னான்னு நெனச்சீங்க?" என்று கேட்டார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள். அந்தக் கடையில் ஆறேழு பேர் நின்றிருந்தார்கள். அவள் ஒரே ஒரு வரி சொன்னால் போதும், என் படிப்பு, டீக்கடைப் பேச்சு எல்லாம் அந்தத் தொட்டியிலேயே மூழ்கிவிடும்.

"சீக்கு ஏதோ வந்துடுச்சுன்னு நெனச்சோம்ணா" என்றாள்.

வெளியே வந்து ஆட்டோவுக்குக் கைகாட்டியபோதுதான் என்னிடம் பேசினாள். "இனிமே அந்த மூணு நாளு, மீனுக்கு நீங்க தூரம். கிட்ட வந்தீங்கன்னா உங்க அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிடுவேன்." சிரித்தாளா, அழுதாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. மன்னிப்புக் கேட்டேன். "முதல்ல வீட்டுக்குப் போலாம், வலிக்குது" என்றாள்.

மேனேஜர் பிழைத்துக்கொண்டார். க்ளோரினில் வால் ஓரம் கிழிந்தது மட்டும் கிழிந்ததுதான். என் மனைவி இந்த விஷயத்தை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. உறவுக்காரர்கள் கூடும் இடத்தில் நான் எல்லோரையும் கலாய்த்துக்கொண்டிருப்பேன். அவள் தொண்டையைச் செருமுவாள். எனக்கு உயிர் போய்விடும். "அந்த அப்பளத்தை இப்படித் தள்ளுங்க" என்பாள், அவ்வளவுதான். அவள் சொல்லப்போவதில்லை என்று தெரிந்த பிறகுதான் நானே எழுத உட்கார்ந்தேன். ஒரு மீன் சுணங்கியதற்கு அவள் உடம்பைக் குற்றவாளியாக்க எனக்குச் சில மாதங்களே போதுமாக இருந்தது. தண்ணீர் மாற்றியவன் நான்தான் என்று நாலு பேர் முன்னால் சொல்ல மூன்று வருடம் ஆகியிருக்கிறது.