ஞாயிற்றுக்கிழமை சர்க்கரை நோட்டு

ஊசி குத்தும்போது வீட்டில் இருந்தவர்கள் இரண்டு பேர், அப்பாவும் அம்மாவும். இல்லாதவன் நான். எர்ணாவூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் சனிக்கிழமைதோறும் எனக்கு நைட் டூட்டி. கேட்டுக்கு வரும் வண்டிகளின் பேப்பரைச் சரிபார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. ஞாயிறு காலை அதை முடித்துத் திருவொற்றியூர் வீட்டுக்கு வந்து சேர ஒன்பது மணியாகும். அதற்குள் அப்பாவின் வெறும் வயிற்றுச் சர்க்கரையை, விரலில் குத்தி மெஷினில் அளந்து அம்மா நோட்டில் எழுதி வைத்திருப்பாள். அவளுக்கு எண்கள் மட்டும் எழுதத் தெரியும். அது போதும் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

திட்டமே என்னுடையதுதான். எங்கள் வீட்டில் காலேஜ் வரை போன முதல் ஆள் என்பதால், எதையும் அட்டவணை போட்டு நடத்தினால் நடந்துவிடும் என்று அப்போது நம்பினேன். காலையில் அரை மணி நடை, இரவில் கேழ்வரகு அடை, சர்க்கரை போடாத டீ, இரண்டு வேளை மாத்திரை. அப்பாவுக்கு மட்டும் போட்டால் கோபித்துக்கொள்வார் என்று மூன்று பேர் பெயரிலும் கட்டம் போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். செய்து முடித்தவர் டிக் அடிக்க வேண்டும். ஞாயிறு தவிர மற்ற நாளெல்லாம் அம்மா விடியற்காலை காசிமேட்டில் இறால் உரிக்கும் ஷெட்டுக்குப் போய்விடுவாள். அப்பா ட்ரெய்லர் டிரைவர். ஹார்பருக்குள் நுழையும் க்யூவில் நின்றால் எப்போது வெளியே வருவார் என்று அவருக்கே தெரியாது. நான் ஷிப்ட். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டதே அபூர்வம். இருந்தும் அவர்கள் கட்டங்களில் டிக் விழுந்துகொண்டே இருந்தது. முதலில் காலியானது என்னுடைய கட்டம்தான். நைட் டூட்டி ஆளுக்கு இதெல்லாம் கணக்கில்லை என்று எனக்கு நானே விலக்கு கொடுத்துக்கொண்டேன்.

திட்டம் அவசரமாக மாறியதற்குக் காரணம் அப்பாவின் இடது கால். நடைக்காக நான் வாங்கிக் கொடுத்த ஷூ ஒரு சைஸ் சிறியது. பிள்ளை வாங்கித் தந்தது என்று அதையே மாட்டிக்கொண்டு நடந்து, சுண்டு விரல் பக்கம் கொப்புளம் வந்து உடைந்து புண்ணாகிவிட்டது. சர்க்கரையில் காலுக்கு உணர்ச்சி குறைந்திருந்ததால் அவருக்கு வலிக்கவே இல்லை. சர்க்கரையை இறக்கினால்தான் புண் ஆறும், இல்லையென்றால் விரலுக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிளட்சை மிதிக்கிற கால் அது. க்யூவில் ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவை மிதிக்க வேண்டியிருக்கும் என்று யோசித்தாலே எனக்குப் பயம் வரும்.

முதல் ஞாயிறு லீவு போட்டு நானே குத்தினேன். முந்நூற்றுப் பன்னிரண்டு. கத்திவிட்டேன். "இன்னொரு தபா இருநூறத் தாண்டட்டும், உங்க ஓனருக்கு நானே போன் போட்டு வண்டிய வேற ஆளுக்குக் குடுக்கச் சொல்றேன்" என்றேன். அப்பா விரலைப் பஞ்சால் அமுக்கிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு நோட்டில் நூற்று நாற்பத்தெட்டு. அதற்கடுத்த வாரம் நூற்று நாற்பத்தொன்று. பிறகு நூற்று முப்பத்தேழு. முதல் வாரம் சந்தோஷப்பட்டேன். இரண்டாம் வாரம் சந்தேகம் வந்தது. இவ்வளவு சீக்கிரம் இறங்குமா? அம்மா பொய்யாக எழுதுகிறாளோ என்று மெஷினை எடுத்து அமுக்கிப் பார்த்தேன். பழைய ரீடிங் எல்லாம் தேதியோடு அதிலேயே இருக்கும். நோட்டில் உள்ளதும் அதில் உள்ளதும் ஒன்றுதான். ஆனால் புண் மட்டும் வாய் மூடவில்லை.

அப்புறம் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மாத்திரை அட்டையை எண்ணினேன், சரியாக இருந்தது. சட்டைப் பாக்கெட்டில் போண்டா மடித்த பேப்பர் கிடைக்குமா என்று துழாவினேன். டிபன் பாக்ஸை மோந்து பார்த்தேன். தெருமுனை டீக்கடைக்காரரிடம், "அப்பா இங்க எப்டி டீ குடிக்கிறாரு?" என்று கேட்டேன். "கிளாஸ்ல ஊத்திதான்பா குடிக்கிறாரு" என்றார்.

ஒரு வியாழக்கிழமை லீவில் பைக்கை எடுத்துக்கொண்டு எண்ணூர் ரோட்டில் க்யூவைத் தேடிப் போனேன். ட்ரெய்லர்கள் கண்ணுக்கெட்டின தூரம் நின்றன. அப்பா வண்டியில் ஏறிப் பார்த்தால் மடியில் வெள்ளரிக்காயும் வேகவைத்த முட்டையும். பின்வண்டி டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"இன்னா மாமு, நைனாவை ரெய்டு பண்ண வந்தியா?"

"சும்மா வந்தேண்ணா."

"சும்மாவா? முன்னலாம் நாங்க பரோட்டா சொன்னா உங்கப்பன் சால்னாவுக்கு மொத ஆளா ஓடுவான். இப்ப முயல் கணக்கா வெள்ளரிக்காய கடிச்சிகினு கீறான். பாத்தாலே பேஜாரா கீது. நீ இன்னாதான் படிச்சே?"

அப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நான் வருவது தெரிந்து யாரோ போன் பண்ணிச் சொல்லிவிட்டார்கள் என்றுதான் திரும்பும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

அதன்பிறகு எண்கள் ஏற ஆரம்பித்தன. நூற்று ஐம்பத்திரண்டு, நூற்று அறுபது, நூற்று அறுபத்தொன்பது. எனக்கு ஒருவிதத் திருப்திகூட வந்தது, என் சந்தேகம் சரியாகிவிட்டதே என்று. "இன்னா தின்னீங்க? உண்மைய சொல்லுங்க" என்று அப்பாவை மூன்று ஞாயிறும் நிற்க வைத்துக் கேட்டேன். அம்மா நெத்திலியைக் கிள்ளிக்கொண்டே, "உடுடா அவர" என்றாள். அப்பா அம்மாவை ஒரு தடவை பார்த்தார். அந்தப் பார்வையை நான் கவனித்தேன். இரண்டு பேரும் சேர்ந்து எதையோ ஒளித்துவைத்துத் தின்கிறார்கள் என்று முடிவு செய்து, அன்று சமையலறை டப்பாக்களைத் திறந்து பார்த்தேன். வெல்லம்கூட இல்லை.

அந்த மூன்றாவது ஞாயிறு ராத்திரி கால் விரல் கறுத்திருந்தது. சாக்ஸைக் கழற்றியபோது நாற்றம் வந்தது. மறுநாள் காலை மூன்று பேரும் ஒன்றும் சாப்பிடாமலே ஒரு நர்சிங் ஹோமுக்கு ஓடினோம். அங்கே குத்திப் பார்த்துவிட்டு நர்ஸ் முந்நூற்று நாற்பத்தெட்டு என்றார்.

எனக்கு நர்சிங் ஹோம்காரர்கள் மேல்தான் சந்தேகம் வந்தது. அட்மிட் பண்ண வைப்பதற்காக ஏற்றிச் சொல்கிறார்கள் என்று பட்டது. நேற்று எடுத்த நூற்று அறுபத்தொன்பது ஒரே நாளில் இரண்டு மடங்காகுமா? பையிலிருந்து எங்கள் மெஷினை எடுத்தேன். நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்பா விரலை நீட்டினார். முந்நூற்று நாற்பத்தொன்று.

"மெஷின் கெட்டுப்போச்சு போல" என்றேன்.

"மெஷின் நல்லாதான் கீது" என்றாள் அம்மா. "எனக்குக் குத்து."

"உனக்கு எதுக்கும்மா?"

"குத்துடா."

அவள் விரல் நுனியெல்லாம் சின்னச் சின்னதாகக் காயங்கள். இறால் கொம்பு தினமும் குத்துகிற கை அது. அதில் வாரத்துக்கு ஒரு புள்ளி கூடியிருந்தால் யாருக்குத் தெரியும்? ரத்தம் பட்டதும் மெஷின் எண்ணத் தொடங்கி நின்றது. நூற்று எழுபத்துமூன்று.

"நோட்டுல கீறது எல்லாம் என்னுதுதான்" என்றாள். "அவருக்குக் குத்தவே இல்ல. குத்தினா ஏறித்தான் இருக்கும்னு தெரியும். நீ ஓனருக்குப் போன் போட்டுட்டா இந்த வயசுல வேற வண்டி யாரு குடுப்பா?"

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "மருந்தெல்லாம் ஒழுங்காத்தான் துன்னேன் நைனா. நடந்தேன், வெள்ளரிக்கா துன்னேன். அது எறங்கல. நான் இன்னா பண்றது?"

சாப்பாட்டிலும் மருந்திலும் அவர் ஏமாற்றவே இல்லை. மாத்திரையின் அளவு அவருக்குப் போதாமல் இருந்திருக்கிறது. சரியான எண்ணை வைத்துக்கொண்டு டாக்டரிடம் போயிருந்தால் முதல் மாதமே மாற்றிக் கொடுத்திருப்பார். நான் மூன்று வாரமாக அப்பாவை நிற்க வைத்துத் திட்டியது, அம்மாவுக்கு ஏறிக்கொண்டிருந்த சர்க்கரைக்காக.

டாக்டர் நோட்டைப் புரட்டினார். "இது யாரோடது?"

"என்னுது சார்" என்றாள் அம்மா.

"அப்ப உங்களுக்கும் மாத்திரை ஆரம்பிக்கணும்."

அம்மா தலையாட்டினாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "நம்பர் நல்லா இருந்தா நீ அன்னிக்கி நாலு வாய் சாப்ட்டு நிம்மதியா தூங்குவ" என்றாள், ஏதோ அதுவும் காரணம்தான் என்பதுபோல. நானோ அவர்களைப் பார்த்துக்கொள்வது நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது சனிக்கிழமை டூட்டியை மாற்றிக்கொண்டேன். ஞாயிறு காலை மூன்று பேருக்கும் நானே குத்துகிறேன். எந்த எண் வந்தாலும் வாயைத் திறப்பதில்லை, எழுதிக்கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுகிறேன். சந்தேகம் மட்டும் போகவில்லை. யாருடைய விரல் என்று ஒவ்வொரு தடவையும் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் குத்துகிறேன். கிளட்சுக்குப் பாதம் போதும் என்று அப்பா ஓனரிடம் போய்க் கேட்டுப் பார்த்தார். வண்டியில் ஏற்கெனவே வேறு ஆள் ஏறியிருந்தான்.

பதினோரு நாள் பெட், ஆபரேஷன், மருந்து எல்லாம் சேர்த்து எழுபத்துமூவாயிரத்து அறுநூறு ரூபாய். அதுபோக, இடது காலில் இரண்டு விரல்.