மெழுகுச் சிலுவை போட்ட மனிதன்

கடல் கடந்து நாடு பிடித்தவர்களின் கதையைப் பாரிஸ் துரைமார்கள் புத்தகமாக எழுதிப் பரிசு வாங்குகிறார்களாம். எங்கள் தீவுப் பாதிரியார் ஒன்றை வாசித்துக் காட்டினார். புயல் இருந்தது, பீரங்கி இருந்தது. கப்பல் போனபின் வீட்டில் கிடந்தவளைப் பற்றி ஒரு வரி இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்து வீட்டு பர்பாவின் கதையை நானே சொல்கிறேன்.

பிரான்ஸின் மேற்குக் கடலில் கிடக்கும் எங்கள் வெசான் தீவில் மாப்பிள்ளை கேட்டுப் போவது பெண்தான்; அவள் கொண்டுபோகும் கறியை அவன் தின்றால் சம்மதம். பர்பா பன்றிக்கறித் துண்டோடு ஜாக்கேஸ் வீட்டுக்குக் கிளம்பினாள்.

"இவனாடி கெடச்சான்? கடலுக்கு நேர்ந்துவிட்ட கெடா இவன்," என்றேன்.

"உனக்கு வயித்தெரிச்சல்," என்று போய்விட்டாள்.

கல்யாணமான மறு வருஷமே அவன் ராஜாவின் கப்பலில், கரும்பு விளையும் தூரத்துத் தீவுகளுக்குப் போனான். கப்பல் ஆப்பிரிக்கக் கரையோரம் உடைந்ததாகச் சேதி வந்தது. சாவுச் சேதியை வீட்டுப் பெரியவர்தான் வந்து சொல்ல வேண்டும். அவளுடைய தாய்மாமன் எர்வே வந்து சொன்னார். உடல் கிடைக்காதவனுக்கு எங்கள் ஊரில் விரலளவு மெழுகுச் சிலுவை செய்வோம். மேஜையில் வெள்ளைத் துணி விரித்து அதைக் கிடத்தி, பிணத்துக்கு அழுவதுபோல் அழுது, கோயில் பேழைக்குள் போட்டுவிடுவோம். பிறகு அவன் ஆவி அலையாது.

ஜாக்கேஸுக்கும் போட்டோம். மூன்று வருஷம் கழித்து, ஒரு மத்தியானம், அவன் நடந்து வந்தான்.

பர்பா அலறிக் கதவைச் சாத்தினாள். நான் என் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருந்தேன், சொல்ல வெட்கமில்லை.

"காய்ச்சல்ல கரையில கெடந்தேன்டி. கையத் தொட்டுப் பாரு, சூடா இருக்கா இல்லியா?" என்று கதவு இடுக்கில் கையை நீட்டினானாம். தொட்டுப் பார்த்த பிறகுதான் திறந்தாளாம்.

ஆனால் எந்தப் படகுக்காரனும் அவனைச் சேர்க்கவில்லை. "செலுவ போட்டவனக் கடல் தேடும். எங்களையும் சேத்து முழுங்கவா?" என்றார்கள். வயிறு சும்மா இருக்குமா? தூரக் கப்பலுக்கே மறுபடி பேர் கொடுத்தான்.

ஒருவனுக்கு ஒரு சிலுவைதான். இனி அவன் கடலில் செத்தால் அழ இடமில்லை, அடங்க இடமில்லை. பர்பா என்னையும் இழுத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினாள்.

"சாமி, அவரு செலுவைய எடுத்துக் குடுங்க. அது இல்லேன்னாதான் நாளைக்கு வேற போட முடியும்."

பாதிரியார் பேழையைத் திறந்தார். எத்தனையோ வீட்டுச் சிலுவைகள், எல்லாம் ஒரே அச்சு. கோடை வெயிலில் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

"எதும்மா உன் புருஷனோடது?"

கையை உள்ளே விட்டாள். "தப்பா ஒண்ணப் பிச்சு எடுத்தா, யார் வீட்டு ஆவியோ தெருவுக்கு வந்துரும்டி!" என்று கத்தினேன். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

அவன் போகிற அன்று படகுத்துறையில் எர்வேயின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, இந்தத் தடவ ஏதாச்சும் ஆனா, எனக்கு வந்து சொல்லுவீங்கல்ல?"

அவர் தரையைப் பார்த்தார். "உனக்குத்தான் ஏற்கெனவே சொல்லியாச்சே, தாயி."

அந்தக் கப்பல் திரும்பவேயில்லை. அதில் போன மற்றவர்களின் வீடுகளில் சிலுவைக்கு மெழுகு உருக்கினார்கள். பர்பா வாசலுக்கு யாரும் வரவில்லை. கறுப்பு உடுத்துவதா வேண்டாமா என்று இன்று காலையும் என்னைக் கேட்டாள்.