கேட்டதற்கு மட்டும் பதில்

காலை எட்டே கால். முதலில் கண்ணில் பட்டது இங்ரிட்டின் மூக்கு. வெயிலில் கருகித் தோல் உரிந்திருந்தது. நோர்வேயின் மேற்குக் கரையில் ஜனவரியில் ஒன்பதரைக்கு முன் விடியாது; எல்லோரும் சுண்ணாம்பு நிற முகத்தோடு வேலைக்கு வருகிற மாதம். பக்கத்து மேசைக்காரியான அவள் மட்டும் விடுமுறைக்கு இலங்கையின் கற்பிட்டிக்குப் போய், கைட் எனும் பெரிய பட்டத்தில் தொங்கியபடி அலைமேல் சறுக்கிவிட்டுத் திரும்பியிருந்தாள். அங்குள்ள என் ஊரான ஆலங்குடாவில் நல்ல காற்று என்று அவளிடம் சொன்னவன் நான்தான்.

துறைமுகங்களுக்குக் கப்பல் நடமாட்டத்தைக் காட்டும் மென்பொருள் எழுதுவது எங்கள் வேலை. கீழ் அடுக்கில் கடல் வரைபடம், மேல் அடுக்கில் கப்பல்கள். அன்று ஒரு பழைய கணினியில் கப்பல்களை வரைந்ததும் கடல் முழுவதும் கறுத்துப்போவதாக முறைப்பாடு வந்திருந்தது. நாங்கள் பயன்படுத்தும் எக்ஸ்லிப் என்ற நிரல் நூலகத்தில், வரையும் முன்னர் திரையிடம் அது எந்தெந்த விதமாகக் காட்டும் என்று கேட்க வேண்டும். ஒவ்வொரு விதத்துக்கும் விசுவல் என்று பெயர். சாதாரணமாகக் கேட்டால் எத்தனை நிறம், எந்த வகை என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும். அந்த விசுவல் எந்த அடுக்கில் இருக்கிறது, அதன் ஊடாகக் கீழே உள்ளது தெரியுமா, தன் நிற அட்டவணையை வேறு எதனுடன் பங்கிடுகிறது என்பதை அறிய, விரிவான கேள்வி ஒன்று தனியாக உண்டு. அதைக் கேட்டேன். நாங்கள் எடுத்திருந்த விசுவல் மேல் அடுக்கில் இருந்தது; அதன் ஊடாக எதுவும் தெரியாது. எங்கள் நிரல் முதல் கேள்வியோடு நின்றிருந்தது. திரை பொய் சொல்லவில்லை.

இங்கே மனிதர்களும் விரிவாகத்தான் கேட்கிறார்கள். சாப்பிட அழைத்தால் எத்தனை மணிக்குத் திரும்பிப் போவாய் என்றுகூடக் கேட்பார்கள். வந்த புதிதில் அது எனக்கு அவமதிப்பாகப் பட்டது. எங்கள் கரையில் சொந்தத்திடம் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. கேட்டால் சந்தேகப்படுகிறான் என்று அர்த்தம். எங்கள் தகப்பன், வாப்பா, ஆலங்குடாக் காணியை வாயால்தான் பிரித்தார். மீன் காயவைக்கும் வாடி நிற்கும் கடற்பக்கம் என் அண்ணன் நானாவுக்கு, கிணற்றடி எனக்கு. பத்திரம் எழுதும் நொத்தாரிசிடம் பிரித்து எழுதப் போனால் கூடப்பிறந்தவர்களே ஒருவரையொருவர் நம்பவில்லை என்று ஊர் கதைக்கும். ஆகவே முழுக் காணியின் உறுதிப் பத்திரமும் மூத்தவர் பெயரிலேயே எழுதப்பட்டது. நான் அப்போது கொழும்பில் ஒரு பத்திரிகைக்குப் பக்கம் அமைத்துக்கொண்டிருந்தேன். பிறகு கணினி படித்து இங்கே வந்தேன். வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா முடிந்ததும் நானா வீடியோவில் வருவார்.

"காணி இருக்கா நானா?"

"அல்ஹம்துலில்லாஹ், இருக்கு. இந்தா, கடலைப் பாரு. உங்கட ஐஸ் பெட்டிக்குள்ள இப்பிடி ஒண்டு இருக்கா?"

போனைக் கடலுக்குத் திருப்புவார். வாடிக் கூரையின் ஓரமும் இரண்டு தென்னைகளும் தெரியும். அவற்றைப் பார்த்துக்கொண்டே, கிணற்றடியில் நாங்கள் கட்டப்போகும் வீட்டை என் மனைவிக்கு விளக்குவேன். குசினி யன்னல் எந்தப் பக்கம் என்பதுவரை முடிவாகியிருந்தது. ஊருக்குத் திரும்புவது என்றால் எங்களுக்கு அந்த வீடுதான்.

கோப்பி நேரத்தில் இங்ரிட் தன் படங்களை எனது பெரிய திரையில் போட்டாள். ஐந்தாவதோ ஆறாவதோ படத்தில், ஓலை வேய்ந்த மூன்று சீமெந்து அறைகள். அவற்றின் முன்னால், கையில் தேத்தண்ணிக் கேத்தலுடன் நானா சிரித்துக்கொண்டு நின்றார். மூன்றாவது அறைக்குப் பக்கத்தில் கிணற்றுக் கட்டு. கட்டில் வாப்பா பூசிய நீலம் இன்னும் இருந்தது.

"எங்கள் விருந்தோம்புநர்," என்றாள். "அருமையான மனிதர்."

"என் அண்ணன்."

அவள் கை தட்டினாள். "அப்படியானால் உனக்கு ஹோட்டல் இருக்கிறது! ஏன் சொல்லவில்லை?" பக்கத்து அறையில் இருந்தவர்களையும் கூப்பிட்டாள். அவர்கள் எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள். நான் நன்றி சொன்னேன்.

மதியம் நானாவை அழைத்தேன்.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை இல்லயே. என்ன தம்பி, வேலையால நிப்பாட்டிட்டாங்களா?"

"கிணத்தடியில ரூம் கட்டியிருக்கீங்களாம்."

"ஓம். கட்டி ரெண்டு வருசமாச்சே."

"அது என்ட பங்கு நானா. ஒவ்வொரு கிழமையும் கேட்டேனே."

"காணி இருக்காண்டு கேட்டாய், இருக்குண்டு சொன்னன். காணி எங்க போச்சு? அங்கதானே கிடக்கு. அதுல என்ன நிக்குதுண்டு ஒருநாளாவது கேட்டியா?"

"போனை ஒருக்கா திருப்பிக் காட்டியிருக்கலாமே."

"நீ கடலைத்தானே பாக்க ஆசப்பட்டாய்? வந்து இருக்காத ஆளுக்குக் கிணறு என்னத்துக்கு? இப்ப பொலிஸ் மாதிரி விசாரிக்கிறாய்." அவர் குரல் பிறகு தணிந்தது. "உன்னை நான் வெளியில விடுவனாடா? ஜூலையில லீவுக்கு வா. மூணாம் நம்பர் ரூம் உனக்குத்தான். உன்ட கிணத்தடிதானே அது."

வைத்துவிட்டார். மேசையில் துறைமுகத் திரை ஓடிக்கொண்டிருந்தது. விரிவான கேள்வியைச் சேர்த்து, ஊடாகத் தெரியும் விசுவல் ஒன்றை எடுத்த பின், கப்பல்களுக்குக் கீழே கடல் நீலமாகத் தெரிந்தது.

இங்ரிட்டிடம் அந்த விடுதியின் இணைய முகவரியை வாங்கித் திறந்தேன். ஜூலை மாதம் முழுவதற்கும் மூன்றாம் அறை ஏற்கெனவே பதிவாகியிருந்தது.